இரண்டு ராமுத்தாய்களுக்கு ஓர் அட்டை

சின்னமுத்துவும் சந்தனமும் அண்ணன் தம்பி. தேவிகுளத்துக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் அப்பனைப் பெற்றவளின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். அண்ணன் வைத்துவிட்டான் என்பதற்காகத் தம்பி விட்டுக்கொடுத்துவிடுவானா? அவனும் வைத்தான். ஆக, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ராமுத்தாய், அந்தப் பக்கம் ஒரு ராமுத்தாய். லயத்துக்காரர்கள் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொண்டார்கள்.

அண்ணன் மகளான பெரியவளுக்கு இரண்டு வயது கூடுதல். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் பெரியவளை முதலில் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. பிறகு இருவரையும் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறந்த தேதி கேட்ட வாத்தியாரிடம், அந்த வருசம் பேய்மழை என்றுதான் தாய்மார்களுக்குச் சொல்லத் தெரிந்தது. அவர் அலுத்துப்போய், அன்று சேர்ந்த பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் 1950 ஜூன் ஒன்று என்று எழுதி மூடினார். மகராசன், அவர் வேலை முடிந்தது.

1977இல் தாலுகா ஆபீஸ்களுக்குத் தமிழ் தெரிந்த கிளார்க்குகள் வேண்டும் என்று அரசு உத்தியோகப் பரீட்சை வைத்தார்கள். வயது வரம்பு இருபத்தேழு. காகிதப்படி இருவருக்கும் அதுதான் கடைசி. தவறினால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடைதான். பெரியவளுக்கு அந்தக் கூடையைக் கண்டாலே ஆகாது. அவள் அம்மா பூமாரி முப்பது வருடம் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டியவள். இப்போது யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, உடம்போடுதான் திரும்புவாள். பங்குனியோடு அவளுக்கும் சின்னமுத்துவுக்கும் வேலை முடிகிறது. அதற்குள் வீட்டில் ஒருவர் அரசு சம்பளம் வாங்கி வெளியே வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும், அல்லது தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் லயத்து வீட்டைக் காலிபண்ண வேண்டியதுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே வழிகாட்டிப் புத்தகம். ‘சிந்திக்கும் இயந்திரமும் சமுதாயத்தில் அதன் பயன்களும்’ என்ற கட்டுரை கட்டாயம் வரும் என்று அதில் நட்சத்திரக்குறி போட்டிருந்தது. லயத்தில் ஒருவரும் கண்ணால் கண்டிராத வஸ்து. பெரியவள் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி அலசிக்கொண்டே அதை ஒப்பிப்பாள். ஆஸ்பத்திரியில் நோயைக் கண்டுபிடிக்கும். விவசாயிக்கு மழை சொல்லும். லட்சம் மனுக்களில் தகுதியானதை ஒரு மணி நேரத்தில் பிரித்தெடுக்கும். அதற்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது.

“அதுக்கு நம்மளத் தெரியுமாக்கா?” என்றாள் சின்னவள்.

“தெரியாததுதான் புள்ள நல்லது. தெரிஞ்சவுக எல்லாம் நமக்கு என்னத்தக் கிழிச்சுட்டாக?”

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது எஸ்டேட் ஆபீஸ் வழியாக ஒரு கவர் வந்தது. சி. ராமுத்தாய் என்பவர் 1406, 1407 என்று இரண்டு மனுக்கள் போட்டிருப்பதை இயந்திரம் கண்டுபிடித்திருக்கிறதாம். பதினைந்து நாளில் ஒன்றை ரத்துசெய்து எழுதாவிட்டால் இரண்டும் தள்ளுபடி. இருவரும் அடித்துப்பிடித்துத் தேவிகுளம் தாலுகா ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கே கிளார்க் அமிர்தநாதன் கவரைப் படித்துவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க ரெண்டு ஆளுன்னு என் கண்ணுக்குத் தெரியுதும்மா. மிஷினுக்கு ஓட்டை போட்ட அட்டைதான் தெரியும். அட்டையில பேரு, தகப்பன் பேருல முதலெழுத்து, பிறந்த தேதி, எஸ்டேட்டு. அவ்வளவுதான். சின்னமுத்து, சந்தனம் ரெண்டும் இங்கிலீசுல ‘சி’ன்னுதான் தொடங்கும். நாலும் ஒண்ணா இருந்தா அதுக்கு ஒரே ஆளு.”

“நாங்க நேர்ல போயி நின்னா?” என்றாள் பெரியவள்.

“யாரு முன்னாடி நிப்பீங்க? வில்லேஜ் ஆபீஸ்ல ரெண்டு ஆளுன்னு சர்டிபிகேட் வாங்குங்க. அது வர மூணு மாசம் ஆகும். ஒருத்தி விலகுனா இன்னொருத்தி எழுதலாம். வேற வழி எனக்குத் தெரியல.”

திரும்பும் வழியில் சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதினால் இருவரும் எழுதுவது, இல்லையென்றால் இருவருமே எழுதுவதில்லை என்று பேசி முடித்தார்கள். சர்டிபிகேட்டுக்கு மனுக் கொடுத்தார்கள். பெரியவள் அதை மனதாரத்தான் சொன்னாள். ஆனால் நாலாம் நாள் காலை பூமாரி கூடையை இறக்கிவைத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். மறுநாள், மாதத்தின் எட்டாம் தேதி, தேவிகுளம் தபாலாபீசில் ஒரு பதிவுத் தபால் அனுப்பினாள். ‘தெரியாமல் இரண்டு மனுக்கள் போட்டுவிட்டேன். 1407ஐ ரத்துசெய்ய வேண்டுகிறேன். சி. ராமுத்தாய்.’ 1406 அவளுடையது. கையெழுத்தில் பொய் எதுவும் இல்லை. அவள் பெயரைத்தான் அவள் எழுதினாள்.

அந்த வாரம் முழுக்கச் சின்னவள் அவளிடம் அலாதிப் பிரியமாக இருந்தாள். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள், தலைவாரிவிட்டாள், புத்தகத்தை நீயே வைத்துக்கொள் என்றாள். பெரியவள் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு உள்ளுக்குள் செத்தாள். இவள் என்னை இப்படி நம்புகிறாளே என்று நினைக்கும்போதெல்லாம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். இருந்தும் இரண்டாவது கடிதம் எழுதி அதைத் திருத்த அவள் கை போகவில்லை.

பதில் வந்தது. எந்த ராமுத்தாய்க்கு என்று தெரியாததால் எஸ்டேட் ஆபீசில் இருவரையுமே கூப்பிட்டு நிறுத்தினார்கள். கணக்கெழுதும் ரைட்டர் அழகுமலை கவரைப் பிரித்து, இங்கிலீசைத் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தார்.

“தங்களோட எட்டாந்தேதிக் கடிதப்படி 1407 ரத்து. தங்களோட ஒன்பதாந்தேதிக் கடிதப்படி 1406 ரத்து. ஆகையால தங்களோட பேருல மனு ஏதும் நிலுவையில இல்ல.” அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “என்ன புள்ளைகளா இது? யாரு எழுதுனா?”

வெளியே வந்து, தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் பாதித் தூரம் நடந்த பிறகு சின்னவள் கேட்டாள்.

“எட்டு உன்னுதா?”

“ஆமா.”

“ஒருநா முந்திட்டக்கா.”

பெரியவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது நிம்மதி. நான் மட்டும் இல்லை, இவளும்தான் என்கிற நிம்மதி. அது வந்துவிட்டதே என்றுதான் அவளுக்குத் தன்மேல் அப்படி ஓர் அருவருப்பு உண்டானது. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் முகத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை இருவரும் தோட்டத்தில் பேர் பதியப் போனார்கள். அழகுமலை ஆளுக்கொரு நம்பர் போட்டு, இருவருக்கும் கூடை கொடுத்தார். கொழுந்து பறிக்க அடுத்தடுத்த செடி நிரைதான் கிடைத்தது. சின்னவள் கங்காணியிடம் சொல்லி வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள்.