அச்சுக் கட்டு

பதினொரு மணிக்கு மேல் இந்தக் கால் என்னுடையது இல்லை, இடுப்பில் யாரோ தொங்கவிட்ட ஈரச்சாக்கு என்று நினைத்துக்கொண்டாள் கனகா.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் பதினான்கு வருடமாக நின்றபடியே வேலை. பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, கரைத்த களிமண்ணை ஊற்ற வேண்டும். கட்டு தளர்ந்தால் கசியும். கெண்டைக்காலில் நீல நரம்புகள் புடைத்து முறுக்கிக்கொண்டபோது அவள் கைகள் தமக்குத் தெரிந்ததைச் செய்தன. முழங்காலுக்குக் கீழே ஒரு டியூப் துண்டை இறுக்கிக் கட்டின.

"காலையும் அச்சு மாதிரி கட்டிட்ட, உன்னையும் சூளையில வச்சிடலாம்டி," என்றாள் பக்கத்து மேசை அம்புஜவல்லி. கனகாவும் சிரித்தாள். சித்திரையில் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தது. ஆடியில் அங்கே புண் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டியூப் பதிந்த தடத்தைத் தடவிப் பார்த்தார். பாதத்தில் நாடி பார்த்தார். நரம்புக்குள் இருக்கும் சின்னக் கதவுகள் பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கிவிடும் என்றார். நடந்தால் கெண்டைச்சதை அதை மேலே தள்ளுமாம், அசையாமல் நின்றால் தள்ளாதாம்.

"ஏற வேண்டிய வழிய நீயே அடைச்சு வச்சிருக்கியேம்மா."

டியூபுக்குப் பதிலாக அவர் கொடுத்த துணிக்கட்டைப் பாதத்திலிருந்து சுற்ற வேண்டும், அதுவும் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன். கீழே இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. படுக்கும்போது காலுக்குத் தலையணை. புண் ஆறும்வரை நின்று வேலை செய்யக் கூடாது. செய்தால் புண் ஆறாது.

பஸ்ஸில் வரும்போது, அந்த டியூப் முடிச்சை எவ்வளவு அக்கறையாகப் போட்டோம் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அழத் தெம்பில்லை.

மறுநாள் பட்டறையில் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, இன்னொன்றின் மேல் காலை நீட்டி, பொம்மைகளில் அச்சுப் பாதிகள் சேர்ந்த ஒட்டுத் தழும்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி சக்கரபாணி வந்தார். கொலுவுக்குச் சரக்கு போக வேண்டும், ஊற்ற ஆளில்லை என்றார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்துபோனதையும் சொன்னார்.

"ஒரு வாரம்தான் கனகா. லாரி போயிட்டா நீ படுத்துக்கூட கெட."

இத்தனை வருடமும் 'சரிங்கண்ணே' தானாக வந்துவிடும். இன்றும் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், அது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. புண் கட்டுக்குள் மெல்லத் துடித்தது.

"உக்காந்து செய்யிற வேலை எதுன்னாலும் குடுங்கண்ணே. நிக்க மாட்டேன்."

அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். கனகா அடுத்த பொம்மையை எடுத்து அதன் கழுத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.