சந்துருவின் மணல்

புத்தலப்பட்டில் சந்துரு இருமினால் குடிபாலாவில் அவன் அக்கா சுமித்ராவின் வீட்டில் ஒரு பிடி மணல் விழும். கூரை கான்கிரீட், விரிசல் கிடையாது. பகலில் அடுப்படியில் விழும், விடிகாலையில் தலையணையில். மணல் கடத்தல் என்று யாரோ புகார் கொடுக்க, விசாரிக்க வந்த அதிகாரி தெலுங்கில் அதட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வைத்த முறுக்கின் மேல் ஒரு பிடி விழுந்தது. முறுக்கைத் தட்டித் தின்றுவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் புகையிலை பிடிக்கும் மரப் பைப்புகளைக் கையால் செய்து அனுப்பும் பட்டறை சுமித்ராவுடையது. செய்த பைப்பின் மேல் காற்றழுத்தத்தில் பொடியைப் பீய்ச்சினால் மரத்தின் மெத்தென்ற பாகம் தேய்ந்து ரேகைகள் எழும்பும். எந்தப் பொடி என்பதில்தான் எல்லாம். கண்ணாடி மணிகள் வெறும் பளபளப்பைத் தந்தன. வால்நட் ஓட்டுத் தூள் அழுக்கை மட்டும் எடுத்தது. அலுமினியம் ஆக்சைடு நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் நாராயணவனம் பக்கத்து ஆற்றுமணல் எழுப்பிய ரேகையைப் பார்த்ததும் அவள் மனசு அதிலேயே நின்றுவிட்டது. மணல் தூசு நெஞ்சில் தங்கிவிடும் என்று பொடி விற்றவர் தெளிவாகவே சொன்னார். பீய்ச்சும் வேலை பார்த்த தம்பியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. "மூஞ்சில துண்டு கட்டிக்கோ, போதும்" என்றாள். பாவி, அழகுக்கு ஆசைப்பட்டாள்.

சில வருஷங்களில் சந்துருவால் மாடிப்படி ஏற முடியவில்லை. திருப்பதி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, இனி தேறாது என்றார். அன்றே சுமித்ரா ஆற்றுமணலை நிறுத்தினாள். அன்றுதான் வீட்டில் முதல் பிடி விழுந்தது. புத்தலப்பட்டு வீட்டோடு படுத்துவிட்ட அவன் போனில் இரும, இங்கே விழ, அவளுக்குப் புரிந்துபோனது. அள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் கொட்டிப் பார்த்தாள். மறுநாளும் விழுந்தது. கடைசியில் புத்தலப்பட்டுக்குப் போய்த் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, "எனக்கு அப்பவே தெரியும்டா" என்று அழுதாள்.

"பொடி விக்கறவரு சொல்லும்போது நானு கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்கா" என்றான் சந்துரு. "நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "சோறு ஆக்கியிருக்குது, துன்னுட்டுப் போ" என்றான்.

அவள் சாப்பிட்டாள்.

இப்போது அவள் மணலை ஆற்றுக்குக் கொண்டுபோவதில்லை. விடிந்ததும் கண்ணைத் திறக்காமலே தலையணையைத் தடவிப் பார்க்கிறாள். கையில் ஒன்றும் தட்டுப்படாத காலை ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். மணல் தட்டுப்பட்டால் தம்பி இருக்கிறான். எழுந்து, துடைப்பத்தை எடுத்து, வீட்டைப் பெருக்குகிறாள்.