அம்மாவின் கணக்குப் பேப்பர்

சும்மா சொல்லக் கூடாது, பையன் கெட்டிக்காரன். எலெக்ட்ரிகல் இரண்டாம் வருஷத்தில் கால்குலஸை அவனளவுக்குப் போடுகிறவன் யாரும் கிடையாது. வாத்தியார் போர்டில் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். ஆனால் என்ன செய்ய, அதே வகுப்பில், முன் பெஞ்சில், அவனைப் பெற்ற அம்மாவும் உட்கார்ந்திருந்தாள்.

ஆமாம், அம்மாவேதான். படிக்கிற வயதில் கல்யாணம், கல்யாணமான கையோடு இவன். இவன் வளர்ந்து காலேஜுக்கு விண்ணப்பம் போட்டபோது தானும் ஒன்று போட்டாள். இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "போ, போ, போய் கரண்டைக் கண்டுபிடி" என்றார். லாரி ஆபீஸ் மேனேஜர் அவர். நக்கல் இல்லாமல் ஒரு பேச்சு பேசத் தெரியாது.

பிசிக்ஸ் அவளுக்கு நன்றாகவே வந்தது. வராதது கணக்குதான். முதல் வருஷக் கணக்குப் பேப்பர் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது. மூன்றாவது தடவையும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள், அது காலேஜ் விதி. அப்புறம் வீடும் அப்பாவின் நக்கலும்தான். அவள் அதற்குப் பயந்து, அடுப்பில் ஒரு கண்ணும் புத்தகத்தில் ஒரு கண்ணுமாகக் கிடந்தாள்.

பையனின் கஷ்டம் வேறு. வகுப்பில் அவளுக்கு 'ப்ளஸ் சி' என்று பேர் வைத்திருந்தார்கள். இன்டெக்ரேஷன் போட்டால் விடைக்குப் பின்னால் ஒரு ப்ளஸ் சி ஒட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி இவன் போகிற இடமெல்லாம் அவளும் வருகிறாளாம். இவன் தனியாக நுழைந்தால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து எவனாவது, "டேய், சி எங்கடா? விட்டுட்டா மார்க் போயிடும்டா!" என்பான். வகுப்பே உருளும். அவள் காதில் விழுந்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். லேபில் மோட்டார் ஓடும்போது, அத்தனை பேர் முன்னாலும், "கண்ணா, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கோ" என்பாள். மானம் கப்பலேறும்.

ஒரு போட்டிக்காக சீனியர்கள் பேட்டரி வண்டி செய்ய ஆள் எடுத்தார்கள். தாடிக்காரன் ஒருவன்தான் தலைவன். அந்த வண்டி மோட்டாருக்கான கணக்கு முழுவதையும் இவன் போட்டுக் கொடுத்தான். தாடிக்காரன் வாங்கிப் பார்த்துவிட்டு இவன் தோளில் கை போட்டான். "பிரமாதம் தம்பி. ஆனா வெளியூர் போய்த் தங்கணுமே, அம்மா விடுவாங்களா? இல்ல, அவங்களும் நம்ம கூடவே வராங்களா?" சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கணக்கை வைத்துக்கொண்டார்கள், இவனைச் சேர்க்கவில்லை.

கோபம் யார்மேல் வரவேண்டும்? தாடிக்காரன்மேல்தானே? வரவில்லை. அம்மாமேல் வந்தது. சில பேருடைய கோபம் அப்படித்தான், திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்துப் போய் விழும்.

அம்மாவுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததும் இவன்தான். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சைன் அலையாக ஓடுகிற கரண்ட் குறிப்பிட்ட நொடியில் எத்தனை ஆம்பியர் என்று போட வைத்தான். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஆறு வந்தது.

"வந்துடுச்சுடா!" என்று மேஜையைத் தட்டினாள். "இந்தத் தடவை தாண்டிடுவேன்டா. நீ இருக்கிறப்போ எனக்கென்ன?"

அந்த வகைக் கணக்குக்குக் கால்குலேட்டர் கோணத்தை டிகிரியில் எடுக்கக் கூடாது, ரேடியனில் எடுக்க வேண்டும். திரையின் மூலையில் பொடியாக ஆர் என்ற எழுத்து தெரியும். டிகிரியில் கிடந்தால் ஆர் இருக்கிற இடத்தில் டி இருக்கும். அப்போது வழியெல்லாம் சரியாகப் போட்டாலும் விடை குப்பை. அம்மா அந்த மூலையை அதிகம் பார்க்கிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

காலையில் பரீட்சை ஹால் வாசலில், "குடும்மா, பேட்டரி இருக்கான்னு பாக்கறேன்" என்றான். வாங்கினான். இரண்டு பட்டனை அழுத்தினான். திருப்பிக் கொடுத்தான்.

"எல்லாம் சரியா இருக்கு. நல்லா எழுதும்மா."

அடப்பாவி! நல்லா எழுதும்மா என்று வேறு சொன்னான்.

கேன்டீனில் போய் டீ குடித்தான். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது: வழிக்கு மார்க் விழும், விடைக்கு விழாது, பாஸுக்குக் கொஞ்சம் குறையும். ஜெயிலுக்கா அனுப்புகிறோம்? வீட்டில்தானே இருக்கப்போகிறாள்? நிம்மதியாக இருக்கட்டுமே. இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு இன்னொரு டீயும் குடித்தான். வெளியே வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டான். "எழுதினேன்" என்றாள். அவன் அதற்குமேல் தோண்டவில்லை.

ரிசல்ட் வந்தது. ஃபெயில். ஆனால் மார்க்கைப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ் மார்க்கில் பாதிகூட இல்லை. வழியெல்லாம் சரியாகப் போட்டிருந்தால் இவ்வளவு குறையவே குறையாது. அவனுக்கு மண்டை குடைந்தது. மனசு அல்ல, மண்டை!

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ கம்மியா எப்படிம்மா வந்துச்சு?"

அவள் நிமிரவில்லை. "முதல் கணக்குல சைன் இல்ல, போட்டுட்டேன். ரெண்டாவது நாம முந்தின நாள் போட்ட அதே மாதிரிக் கணக்கு. ஆறு கிட்ட வரவேண்டியது, ஒண்ணுக்கும் கம்மியா வந்துச்சு. மேல மூலையில பாத்தேன், 'டி'ன்னு இருந்துச்சு."

அவன் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான்.

"முந்தின நாள் சாயங்காலம் 'ஆர்'ல இருந்துச்சு. நடுவுல அதைக் கையில வாங்கினது நீ மட்டும்தான்."

"அதான் பாத்துட்டியே, மாத்த வேண்டியதுதானே?" என்று கேட்டான். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

"மாத்திட்டேனே. அதுக்கு எவ்ளோ நேரம் ஆகப்போகுது?" அவனுடைய நீலச் சட்டையின் காலரை நீவிவிட்டாள். "அப்புறம்தான் எழுத வரல. எல்லாம் தெரிஞ்ச கணக்குடா. நீ சொல்லிக் குடுத்ததுதான். ஒவ்வொண்ணையும் படிக்கப் படிக்க உன் குரல்தான் கேட்டுச்சு. என் புள்ளையா, என் புள்ளையான்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். மணி அடிச்சுட்டாங்க."

அவள் கத்தியிருக்கலாம், அறைந்திருக்கலாம். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். வெளியே அப்பாவின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"உங்க அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அப்பா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "என்ன, மேடத்துக்கு ரிசல்ட் வந்துச்சாமே? மறுபடியும் ஊத்திக்கிச்சா? போச்சா, காலேஜும் போச்சா? நெனச்சேன்!" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பையனைப் பார்த்தார். "ஏண்டா, நீதானே கூட இருந்து சொல்லிக் குடுத்தே? எங்கதான் தப்பாச்சு?"

அம்மாவின் கை நின்றது. அப்போதுதான் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அவன் வாயிலிருந்து வரப்போவதற்காகக் காத்திருந்தாள். அந்த ஒரு நிமிஷம் அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால், படிப்பு போனாலும் பிள்ளையாவது மிஞ்சியிருப்பான் அவளுக்கு.

"அம்மாவுக்குக் கணக்கு வராதுப்பா" என்றான். "எவ்ளோ சொல்லிக் குடுத்தாலும் ஏறல."

அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கணக்கு விஷயத்துல அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அம்மா மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.