வாத்துச் சத்தம்

அதெல்மோ மிதவையைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலால் அழுத்திக்கொண்டு, போன வருஷத்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். காய்ந்த பாசி சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து அவன் மடியில் விழுந்தது. மிதவையின் ஆரஞ்சு வர்ணம் பாதி உரிந்திருந்தது. அதிலிருந்த ஒலிபெருக்கியின் வாயைச் சுற்றி அவன் எப்போதோ கட்டிய சைக்கிள் டியூப் கெட்டிப்பட்டு வெடித்திருந்தது. அதை அறுத்துவிட்டு வேறொன்றைச் சுற்றினான். பாட்டரியை உள்ளே வைத்து மூடியைத் திருகியதும், மிதவை இருமுவதுபோல ஒருதரம் கரகரத்துவிட்டுக் கத்தத் தொடங்கியது. க்வாக். க்வாக்.

கொட்டகையின் மறுகோடியில், கவிழ்த்து வைத்த படகின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பினார்கள்.

"வாத்து எழுந்திருச்சிடுச்சு" என்றாள் நிவெஸ். "தொண்டை கட்டியிருக்கு."

"குளிர்காலம் பூரா எலிகளோட படுத்தா உனக்குந்தான் கட்டும்" என்றான் அதெல்மோ.

"அவ எலிகளையே தூங்கவிட மாட்டா" என்றான் தர்சீசியோ. "ஆஸ்பத்திரி போன்ல பேசற மாதிரி விடியவிடியப் பேசுவா."

நிவெஸ் ரொட்டித் துண்டை அவன் மேல் எறிந்தாள். அது சரியாக அவன் தோளில் பட்டது.

நிவெசுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஊர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். தர்சீசியோ இளவயதில் இரும்பு உருக்கும் ஆலையில் கண்ணைப் பறிகொடுத்தவன். அதற்குப் பிறகு மசாஜ் வேலை கற்றுக்கொண்டு, ஏரிக்கரைப் பெரிய ஓட்டலில் விருந்தாளிகளுக்கு உடம்பு பிடித்துவிட்டுப் பிழைத்தான். வசந்தத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இலை உதிரும்போது அனுப்பிவிடுவார்கள். அதெல்மோ பாய்மரப் படகுச் சங்கத்தின் கூலியாள். அவனுக்கும் அதே கணக்குத்தான்.

மிதவைகள் இரண்டு. நடு ஏரியில் மிதப்பது வாத்து. கரைப்பக்கம் மிதப்பது தவளை. அது அரத்தால் இரும்பைத் தேய்ப்பதுபோலக் கத்தும். வாத்தைக் கேட்டுக்கொண்டு போய், அதைச் சுற்றிக்கொண்டு, தவளையைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். நிவெஸ் சுக்கானைப் பிடிப்பாள், தர்சீசியோ முன்பாயின் கயிறுகளைப் பார்ப்பான். படகில் கண் தெரிந்த ஆள் யாரும் கிடையாது. ஊருக்குள் நிவெசைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்காமலே அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். ரொட்டிக் கடையில், தேவாலயப் படியில், பஸ்ஸில். தண்ணீரில் அந்தக் கைகள் இல்லை. அதற்காகவே அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள்.

சங்கச் செயலாளர் பொனோமி கொட்டகைக்குள் வந்து காதைப் பொத்திக்கொண்டார்.

"அதை நிறுத்துப்பா. இனிமே அது வேண்டாம்."

அதெல்மோ மூடியைத் திருகி நிறுத்தினான்.

"ஓட்டல்ல புதுசா ரெண்டு மிதவை வாங்கித் தர்றாங்க" என்றார் பொனோமி. "சங்கத்துக்குச் செலவே இல்ல. போன சீசன்ல ஒரு ஜெர்மன் குடும்பம் பாதியிலேயே பெட்டியைக் கட்டிட்டாங்களாம். நிம்மதியா தூங்கலாம்னு வந்தா, யாரோ நாள் பூரா வாத்தோட கழுத்தை நெரிக்கிறாங்கன்னு புகார். புதுசு அப்படியில்ல. மணி ஓசை. கேட்டா மனசு குளிர்ந்துடும்."

"எங்களுக்கு மனசு குளிர வேண்டாம் சார், கரை தெரிஞ்சா போதும்" என்றாள் நிவெஸ்.

"தெரியும்மா, தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

புது மிதவைகள் அந்த வாரமே வந்தன. வெள்ளை வெளேரென்று, இடுப்பில் நீல எழுத்தில் ஓட்டலின் பெயரோடு. காற்றில்லாத ஒரு காலையில் அதெல்மோ ஒன்றைக் கரைக்குப் பக்கத்தில் இறக்கி ஓடவிட்டான். நீண்ட, வழவழப்பான மணியோசை எழுந்தது. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் படிந்தது. ஓட்டலின் வெளித்தளத்தில் மேசை விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மேனேஜர் அம்மாள் இறங்கி வந்து, பொனோமியின் பக்கத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு தர்சீசியோ?" என்று கரையில் நிவெசோடு நின்றவனைக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம்."

நிவெஸ் முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பினாள். பிறகு தலையைச் சாய்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க இருக்கு?"

"காதுல விழுதில்ல?" என்றார் பொனோமி.

"விழுது. எல்லாப் பக்கமும் விழுது. வாத்து கத்துனா மூக்குக்கு நேரா இருக்குன்னு தெரியும். இது வெந்நீர்ல போட்ட சர்க்கரை மாதிரி கரைஞ்சு கிடக்கு."

மேனேஜர் அம்மாள் சிரித்தாள். "பழகிடும். புதுச் செருப்புகூட முதல்ல கடிக்கத்தானே செய்யுது" என்று சொல்லி நிவெசின் முழங்கையைத் தொட்டுவிட்டு மேலே போனாள்.

மற்றவர்கள் போன பிறகு நிவெஸ் தர்சீசியோவின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரிஞ்சுதா, அது எங்க இருக்குன்னு?"

அவன் கைத்தடியை மடக்கினான்.

"தெரியலைல்ல? அப்ப ஏன்யா ரொம்ப நல்லா இருக்குன்னு இழுத்தே? நான் வெளியாளு. நீ அங்க வேலை பார்க்கிறவன். நீ சொன்னா கேப்பாங்க."

"அங்க வேலை பார்க்கிறதாலதான் சொல்ல முடியலை."

"அந்தம்மா முதுகை நீதானே புடிச்சு விடறே? புடிக்கும்போதே சொல்லேன். ரெண்டு அமுக்கு சேர்த்து அமுக்கு."

"சிரிப்பா இருக்கு உனக்கு. போன வருஷம் துண்டு பத்தலைன்னு ஒரு பொண்ணு சொல்லிச்சு, ஞாபகம் இருக்கா? இந்த வருஷம் அந்தப் பொண்ணு இல்ல. இந்த வருஷ ஒப்பந்தத்துல எனக்கு இன்னும் கையெழுத்து ஆகல நிவெஸ். குளிர்காலம் பூரா அக்கா வீட்டுச் சோறு. மச்சான் தட்டை மேசை மேல வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிடறாரு. கையெழுத்து ஆகட்டும், அப்புறம் சொல்றேன்."

அதெல்மோ நங்கூரக் கயிற்றைச் சுருட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் பொனோமி தனியாக இருக்கும்போது போய் நின்றான்.

"சார், பழசையும் பக்கத்துல போட்டு வைக்கட்டுமா? சத்தத்தைக் கொறைச்சு?"

"போடாதே. துறை அவங்களோடது. நம்ம படகு நிக்கிற கொட்டகையும் அவங்களோடது. அந்த வாத்து தண்ணியில இறங்குச்சுன்னா, நாம எல்லாரும் கரையேற வேண்டியதுதான். நீ முதல்ல."

அதெல்மோ வாத்தையும் தவளையையும் கொட்டகையின் பின்சுவரோடு சாய்த்து வைத்தான். பாட்டரிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டான்.

தர்சீசியோவுக்குக் கையெழுத்து ஆனது. மாதம் பிறந்ததும் வேலைக்கு வரச் சொன்னார்கள். சீசன் திறப்பு விழா அதற்கு முந்தின ஞாயிறு.

அன்று துறை முழுக்கக் கொடிகள். ஓட்டலின் வெளித்தளத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகள் கண்ணாடிக் கோப்பைகளோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். எதிர்க்கரையிலிருந்து பார்வையற்றவர்களின் படகு இன்னொன்றும் வந்திருந்தது. விருந்தாளிகளுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று கரைப்பக்கத்து மிதவையை ஓட்டல் துறைக்கு நெருக்கமாகப் போடச் சொன்னார் பொனோமி. அதெல்மோ போட்டான். போட்டுவிட்டு, நங்கூரம் மண்ணைப் பிடிக்கிறதா என்று கயிற்றை இழுத்துப் பார்த்தான். பிடித்திருந்தது.

"ஏன்யா பேச்சே இல்ல?" என்றாள் நிவெஸ் அதெல்மோவிடம், படகில் ஏறும்போது.

"மணியைக் கிட்டத்துல போட்டிருக்கேன். துறைக்குப் பக்கம். பாத்து வா."

"பாத்துத்தானே எப்பவும் வர்றேன்" என்று சிரித்தாள்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. நடு ஏரியில் மிதந்த மணியை, கொஞ்சம் தடுமாறி, அகலமாகச் சுற்றிக்கொண்டு நிவெஸ் படகைத் திருப்பினாள். அதற்குள் மத்தியானக் காற்று ஏறிவிட்டது. தெற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு ஓரா என்று பெயர். அது முதுகில் கைவைத்துத் தள்ளும். பாய்கள் விறைத்தன. படகு ஓட்டலைப் பார்த்து வேகம் பிடித்தது. முன்னால் மணி ஒலித்தது. ஓட்டலின் கல்சுவர் அந்த ஓசையை வாங்கித் திருப்பி அனுப்பியது. ஓட்டலுக்குப் பின்னாலிருந்த மலையும் வாங்கி அனுப்பியது. அதற்கு மேல் பாண்டு வாத்தியம்.

"எங்க?" என்று கத்தினாள் நிவெஸ்.

"இடப்பக்கம்னு நினைக்கிறேன்" என்றான் தர்சீசியோ. "இல்ல, இரு. நேராத்தான்."

மிதவை அவர்களுக்கு வலப்பக்கமாக, கல்லெறி தூரத்தில் பின்தங்கிவிட்டிருந்தது. அதெல்மோ காவலுக்கு நின்ற ரப்பர் படகின் இன்ஜினை முடுக்கிக்கொண்டு, எழுந்து நின்று கத்தினான். "நிவெஸ்! திருப்பு! துறை! துறை!" இன்ஜின் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வெளித்தளத்தில் சிலர் கைதட்டினார்கள். படகு அவ்வளவு பக்கத்தில் வருவது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

கல்லில் தண்ணீர் அறையும் சத்தம் தர்சீசியோவுக்குத்தான் முதலில் கேட்டது. "நிவெஸ், கல்லு!" என்றான். அவள் சுக்கானைத் தள்ளினாள். படகு பாதி திரும்பியது. கரையில் மோதும்போலிருந்தால் காலை நீட்டு, கையை நீட்டாதே என்று அதெல்மோ அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஆனால் எதிரே இருப்பது என்னவென்று அறிய தர்சீசியோவிடம் இருந்தது கைதான். வலது கை நீண்டது. உள்ளங்கை விரிந்து, ஈரக்கல்லைத் தொட்டது. பின்னாலேயே படகு வந்து சேர்ந்தது.

பாண்டு வாத்தியம் அந்தப் பாட்டை முடித்துவிட்டுத்தான் நின்றது.

கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் நொறுங்கியிருந்தன. உள்ளங்கையில் கம்பி வைத்துக் கட்டினார்கள். விரல்கள் மடங்கும், ஆனால் அழுத்த வராது என்று டாக்டர் சொன்னார். ஒப்பந்தம் மாதம் பிறந்ததும்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால், வேலைக்கு வெளியே பட்ட அடி இது என்று ஓட்டலில் சொன்னார்கள். ஒரு கூடை நிறையப் பழம் அனுப்பினார்கள்.

சங்கம் கூடியது. இனிமேல் கண் தெரிந்த ஒருவர் சுக்கானில் இல்லாமல் பார்வையற்றவர்கள் படகெடுக்கக் கூடாது என்று முடிவானது.

"அப்ப நான்?" என்றாள் நிவெஸ்.

"நீங்க முன்பாய்க் கயிறு பிடிங்கம்மா" என்றார் பொனோமி. "படகுலதான இருப்பீங்க. காத்து அதே காத்துதான்."

"மிதவையைப் பத்திப் பேசவே இல்லையே சார்."

"மிதவை சரியாத்தான் வேலை செஞ்சுது. நானே கேட்டேனே. தெளிவா கேட்டுச்சு."

நிவெஸ் அதெல்மோ நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவன் மூச்சு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அதெல்மோ தொண்டையைச் செருமினான். பொனோமி அவனைப் பார்த்தார். அவன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நிவெசின் டெலிபோன் பலகையில் ஓர் அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதுமே அவளுக்கு யாரென்று தெரிந்தது.

"பிசியோதெரபி பிரிவுக்குக் கொடுங்க" என்றாள் மேனேஜர் அம்மாள். "சீசன் தொடங்குது, மசாஜுக்கு அவசரமா ஒரு ஆள் வேணும். அங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கணும்."

நிவெசின் விரல் பொத்தான்களின் மேல் நின்றது. தர்சீசியோ அப்போது மேல்மாடியில், அதே பிரிவில், கட்டுக்கு வெளியே இருந்த இரண்டு விரல்களால் ஒரு ரப்பர் பந்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

"ஹலோ? கேக்குதா?"

"கேக்குது மேடம். ஒரு நிமிஷம், இணைக்கிறேன்" என்றாள் நிவெஸ். இணைத்தாள்.

கைக்கட்டைப் பிரிப்பதற்கு முன்பே தர்சீசியோ, போன சீசனிலிருந்து ஓட்டலில் கிடந்த தன் சாமான்களை எடுக்க வந்தான். வெள்ளைக் கோட்டு, மரச் செருப்பு, பாதித் தைலம் இருந்த புட்டி. எல்லாவற்றையும் காகிதப் பையில் போட்டுச் சமையற்கட்டு வாசலில் கொடுத்தார்கள். அவன் துறையின் முனையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதெல்மோ வேலை முடித்து வரக் காத்திருந்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மேலே முள்கரண்டிகளின் சத்தமும் பேச்சும் கேட்டன.

அதெல்மோ ரப்பர் படகில் வந்து இறங்கினான். மாற்றிக் கழற்றிய பாட்டரியை அவன் பக்கத்தில் வைக்க, தர்சீசியோ அதைத் தடவிப் பார்த்தான்.

"இன்னிக்குப் படகு எதுவும் போகலையே" என்றான் தர்சீசியோ. "பாட்டரி எதுக்கு?"

"சாப்பாட்டு நேரத்துக்கு ஓட விடணுமாம். ரெண்டையும் இன்னும் கிட்டத்துல இழுத்துப் போடச் சொன்னாங்க. விருந்தாளிங்களுக்குப் புடிச்சிருக்காம்."

தர்சீசியோ தலையாட்டினான். மணி ஒலித்தது. அது அடங்குவதற்குள் இன்னொன்று.

"கிட்டத்துலதானே இருக்கு?"

"ரொம்பக் கிட்ட."

தர்சீசியோ முகத்தை மெல்ல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினான். பிறகு கட்டுப்போட்ட கையைத் தூக்கி நீட்டினான்.

"அங்கதானே?"

அவன் கை தண்ணீரைக் காட்டவில்லை. ஓட்டலின் வெளித்தளத்தைக் காட்டியது. அங்கே கைப்பிடிச் சுவரோரத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு வெளியூர்ப் பெண், கீழே வெள்ளையாக ஒரு கை உயர்ந்து நிற்பதைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவளும் கையை உயர்த்தி ஆட்டினாள்.