தேநீர் இல்லாத ஒரு மணி நேரம்

செவ்வாய், 11 மார்ச் 2025. இன்றைய தவறு: சித்திக்கு இரும்பு மாத்திரையைத் தேநீரோடு சாப்பிடச் சொன்னது நான்தான். இதைச் சிறிய தவறு என்று எழுதலாமா? தெரியவில்லை. இப்போதைக்குச் சிறியது என்றே இருக்கட்டும்.

எழுதி முடித்த பிறகும் மோகனப்பிரியாவுக்கு மனம் ஆறவில்லை. பகலில் சாங்கி விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்க்கிறவள். மாலையில் வேதியியல் டிப்ளோமா வகுப்புக்குப் போகிறவள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அப்படிப்பட்டவள் சித்தி விஷயத்தில் மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சித்தி அமலாவுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. சித்தப்பா துரைசாமிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்தான் அவரை எழுப்பி உட்கார வைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, "நானும் ஒரு தடவ குடுத்துடறேன்" என்று அமலா வேண்டிக்கொண்டாள். அலகு குத்தியோ மொட்டை போட்டோ தீர்க்கிற வேண்டுதலாக இருந்தால் அந்த வருடமே தீர்ந்திருக்கும். இது ஹீமோகுளோபின் கேட்கிற வேண்டுதல். ரத்த தான முகாமுக்குப் போன இரண்டு முறையும் விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, "அளவு பத்தல ஆன்ட்டி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை கையில் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். துரைசாமியின் அக்கா மங்களமோ பார்சலுக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி வருடா வருடம் சிரமமில்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். அது வேறு உறுத்தல்.

"மே மாசம் ஃபேரர் பார்க்குல முகாம் போடறாங்க. அங்கயும் திருப்பி அனுப்பினா இனிமே நான் போகமாட்டேன்" என்று அமலா சொல்லிவிட்டாள்.

மாத்திரை வாயில் துருப்பிடித்த சுவையாக இருக்கிறது என்று அவள் முகம் சுளித்தபோதுதான், "தேயோட முழுங்குங்க சித்தி, சுவை தெரியாது" என்று மோகனப்பிரியா வழி சொன்னாள்.

குட்டு அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் உடைந்தது. பாடம் லிகாண்ட், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஈனி என்பார்கள். தன்னிடமிருக்கும் எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்து உலோகத்தின் கையைப் பிடித்துக்கொள்கிற மூலக்கூறு அது என்று ஆசிரியர் ரஞ்சன் விளக்கினார். பிறகு கேண்டீனிலிருந்து பால் சேர்க்காத தேநீர் ஒரு குவளை வரவழைத்து, அதில் இரும்பு மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டுக் கலக்கினார். தேநீர் மெல்ல மெல்லக் கறுத்துப் பேனா மைபோல ஆயிற்று. தேநீரிலிருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டது, இனி குடல் கேட்டாலும் கொடுக்காது என்றார் அவர். வகுப்பே வேடிக்கை பார்த்தது. மோகனப்பிரியா மட்டும் அந்தக் குவளையில் சித்தியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"அப்ப இத்தன நாளா நான் முழுங்கினது?"

"பாதிக்கு மேல உடம்புல ஒட்டாம வெளிய போயிருக்கும் சித்தி."

அமலா குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். "அரசாங்கம் குடுத்த மாத்திர டி அது" என்றாள் வருத்தத்தோடு.

மறுநாள் மோகனப்பிரியா மருந்துக்கடையில் விசாரித்தாள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கலாம். ஆரஞ்சுச் சாறானால் இன்னும் நல்லது. அதன்பின் ஒரு மணி நேரமாவது தேநீர் கூடாது என்றார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கூர்ந்து கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. எழுந்ததற்கு ஒரு தே, குளித்ததற்கு ஒரு தே. எதிர்வீட்டுக்காரி வந்தால் அவளோடு ஒரு தே. அவள் பேசிவிட்டுப் போனதும், அந்தக் களைப்புக்கு ஒன்று. சித்தியின் நாளில் ஒரு மணி நேரச் சந்து எங்குமே இல்லை.

தேயிலை டப்பாவை ஒளித்து வைத்துப் பார்த்தாள். அமலா செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள். "கீழ கோப்பிக்கடை இருக்கறத மறந்துட்டியா லா?"

மோகனப்பிரியாவுக்கு வழி வேலைக்குப் போகும்போது கிடைத்தது. எம்ஆர்டி ரயிலில் நின்றபடி, உண்ணாதே, பருகாதே என்ற அறிவிப்பைத் தினமும் பார்க்கிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். குவீன்ஸ்டவுனில் ஏறினால் சாங்கி போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். அபராதத்துக்குப் பயந்து தீவே வாயைக் கட்டிக்கொண்டிருக்கும் இடம்.

அடுத்த நாளிலிருந்து சித்தி வீட்டிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு அவளோடு ரயிலேறினாள்.

முதல் நாள் பாயா லேபார் தாண்டியதும் அமலாவின் கை பைக்குள் போயிற்று.

"சித்தி, என்ன அது?"

"ஃபிளாஸ்க். சும்மா தொட்டுப் பாத்தேன். சூடு இருக்கான்னு."

"தொடாதீங்க."

"தொட்டா எவ்வளவு ஃபைன்?"

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். அமலா ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு, "இந்த லிகாண்ட் நல்லவனா கெட்டவனா? அதச் சொல்லு மொதல்ல" என்றாள்.

"யாரைப் பிடிக்கிறான்ங்கறதப் பொறுத்து சித்தி. ஈயம் மாதிரி விஷம் உடம்புல ஏறிட்டா, டாக்டர் குடுக்கற மருந்தும் ஒரு லிகாண்ட்தான். விஷத்தோட சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயிடும். ரத்தத்துல இரும்பைச் சுத்தி ஒரு வளையம் பிடிச்சுட்டு இருக்கு, அதுவும் லிகாண்ட். அந்த இரும்பு மேல ஆக்சிஜன் வந்து உக்காரும், அதுவும்தான். நுரையீரல்ல ஏறும், காலுக்கு வந்ததும் இறங்கிடும்."

"இறங்காம உக்காந்துட்டா?"

"கார்பன் மோனாக்சைடு அப்படித்தான். உக்காந்தா லேசுல எழுந்திரிக்காது. ஆக்சிஜனுக்கு இடமே இல்லாமப் போயிடும்."

அமலா எதிரே பார்த்தாள். முதியோருக்கு ஒதுக்கிய இருக்கையில் இளைஞன் ஒருவன் கண்ணை இறுக்கி மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். "புரிஞ்சுது" என்றாள்.

விமான நிலையத்தில் இறங்கியதும் மணி பார்த்துவிட்டு மோகனப்பிரியா தலையசைப்பாள். சித்தி தேநீர்க் கடைக்கு நடப்பாள். சில வாரங்களில் கடைக்காரப் பையன் அவளை விமானப் பணிப்பெண்ணின் தாயார் என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் சென்னையிலிருந்து வந்திறங்கிய மங்களம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்துவிட்டாள்.

"அமலா, எங்க கிளம்பிட்ட, ஊருக்கா?"

"இல்ல அண்ணி. மாத்திர சாப்பிட வந்தேன்."

மங்களம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணி வீட்டுல வரலியா?"

மே பதினெட்டு, ஞாயிறு. முகாம் மண்டபத்தில் செவிலி ஷபானா, அமலாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தாள். எண் தெரிவதற்குள் மோகனப்பிரியாவுக்குப் பல சந்தேகங்கள். மாத்திரையே தப்போ, வளையத்தைப் பற்றித் தான் சொன்னது தப்போ, சாங்கிக்குப் பதில் வேறு ரயிலில் பொங்கோல் போயிருக்கணுமோ.

"ஓகே ஆன்ட்டி. குடுக்கலாம்."

அமலா செருப்பைக் கழற்றினாள். படுக்கையில் ஏறிப் படுத்தாள். பக்கத்துப் படுக்கையில் ஏற்கெனவே மங்களம். குழாய் வழியே ரத்தம் இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அமலா கேட்டாள். "சிஸ்டர், இதுல இரும்பும் சேந்து போயிடுமா?"

"போகும் ஆன்ட்டி. அதானே ரத்தம்."

"சாங்கி வரைக்கும் போய் ஏத்தினது."

ஷபானாவுக்கு விளங்கவில்லை. மங்களத்துக்கு விளங்கிற்று, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருக்குப் போகும்னு சொல்வீங்களா?"

"சொல்லமாட்டோம். எங்களுக்கே தெரியாது."

"பரவால்ல. அவருக்குக் குடுத்தவங்க யாருன்னு எனக்கும் தெரியாது" என்று அமலா கண்ணை மூடிக்கொண்டாள். மோகனப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

கிளம்பும்போது ஷபானா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "குடுத்த இரும்பு திரும்ப ஏறணும்ல ஆன்ட்டி. தினமும் ஒண்ணு."

அமலா பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு மோகனப்பிரியாவைப் பார்த்தாள். "சனி ஞாயிறு உனக்கு லீவுன்னாலும் கூட வந்துதான் ஆகணும், சொல்லிட்டேன்."

அன்றிரவு மோகனப்பிரியா எழுதியது: சித்தியின் ரத்தம் ஏற்கப்பட்டது. நாளை: வேலைக்குக் கிளம்புமுன் சித்தியின் பயண அட்டையில் பணம் ஏற்ற வேண்டும்.