பதினொரு பதிவுகளில் மிஞ்சியவர்கள்

அலவி டோஹாவில் போய் இறங்கிய அன்று, அவர் வெள்ளவத்தையில் வாசித்துப் பதிந்திருந்த பதினொரு ஒலிப்பதிவுகளிலிருந்தும் அவருடைய சாக்ஸபோன் போய்விட்டது. இது நடந்தது 2014 பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை. சாக்ஸபோன் இருந்த இடத்தில் இரைச்சலும் இல்லை, கீறலும் இல்லை. இடம் சும்மா கிடந்தது. பேஸ் வாசித்த இராஜநாயகமும், டிரம்ஸ் அடித்த நிரோஷனும், பாடிய றேணுகாவும் இல்லாத ஒருவருக்கு வழிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். இராஜநாயகம் முதலில் ஸ்பீக்கரைத் திட்டினார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைச் சந்தியில் றேடியோ திருத்துகிறவரிடம் போனார். அவர் திறந்து பார்த்து, துடைத்து, மூடி, ஸ்பீக்கர் நம்மையெல்லாம் விடச் சுகமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த நான்கு பேரும் வாசித்தது ஃப்ரீ ஜாஸ். கொழும்பில் அதை விரும்பிக் கேட்டவர்களை ஒரு முச்சக்கரவண்டியில் ஏற்றிவிடலாம். மெட்டு இது, தாளம் இது என்று முன்கூட்டியே எதையும் பேசிவைக்காமல், ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் வாசிப்பதுதான் அதன் வழி. ஒத்திகை கிடையாது. வாசித்ததைத் திரும்ப வாசிப்பதும் கிடையாது. யாராவது போன வாரத்து மெட்டைத் தொட்டுவிட்டால் நிரோஷன் குச்சிகளைக் கீழே வைத்துவிடுவான். இராஜநாயகம் பிழைப்புக்கு ஹோட்டல் கல்யாணங்களில் பேஸ் கிற்றார் வாசித்தார்; அங்கே நூறு தரம் வாசித்ததை நூற்றியோராம் தரமும் அப்படியே வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆளை விட உயரமான தன் டபுள் பேஸை, கழுத்து வெளியே நீட்ட முச்சக்கரவண்டியில் கிடத்தி, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி வீட்டிலிருந்து வெள்ளவத்தைக்குக் கொண்டுபோவார். மனைவி றேணுகா பின்னால் பஸ்ஸில் வருவார். அலவியின் குடும்பத்துத் துணிக்கடைக்கு மேலே, கடலைப் பார்த்த ஓர் அறை. சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் ஒரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, வேர்த்து ஒழுக வாசித்தார்கள். எல்லாம் அந்த ஒரு மைக்கில்தான் பதிந்தது, கரையோர ரயில் உட்பட. அப்படிப் பதிந்ததில் ஒருவரை மட்டும் பிரித்தெடுப்பது பிளேன்டீயிலிருந்து சீனியைப் பிரித்தெடுப்பது மாதிரி. பின்னால் சண்டை வந்தது இந்த விஷயத்தில்தான்.

அடுத்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அலவி மூன்று வார லீவில் வந்தார். அவர் விமானம் கட்டுநாயக்காவில் இறங்கியதிலிருந்து சாக்ஸபோன் பதினொரு பதிவுகளிலும் திரும்பக் கேட்டது. அலவி உட்கார்ந்து தன்னையே ரசித்துக் கேட்டுவிட்டு, முன்பு ஏதாவது வயர் கழன்றிருக்கும் என்றார். லீவு முடிந்து அவர் போனார், அதுவும் போயிற்று. இராஜநாயகம் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆள் நாட்டை விட்டால் ஒலி பதிவை விட்டது, அவ்வளவுதான். ரயில் மட்டும் எல்லாப் பதிவிலும் பத்திரமாக இருந்தது. அது பாணந்துறைப் பக்கம் போனாலும் திரும்பி வந்துவிடுகிறது.

2017இல் டெங்கு வந்து நிரோஷன் செத்துப்போனான். முப்பத்தி நாலு வயது. மாதம்பிட்டி மயானத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த இராஜநாயகத்துக்கு எட்டு நாள் வரைக்கும் ஒரு பதிவையும் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஒன்பதாம் நாள் போட்டார். டிரம்ஸ் முழுதாக இருந்தது, ஓர் அடி குறையவில்லை. செத்தவன் நாட்டை விட்டுப் போகவில்லை, மாதம்பிட்டிக்குத்தானே போயிருக்கிறான். இதை அவர் நிரோஷனின் தாய் பாக்கியலெட்சுமியிடம் போய்ச் சொன்னார். அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் நாலு வீட்டில் சமைத்து மகனை வளர்த்தவர். மகன் இருக்கும்வரை அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவரல்ல. அன்றிலிருந்து தினமும் பின்னேரம் நாலரைக்கு இராஜநாயகத்தின் வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ஒரு பதிவைக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் அவருக்கு ஃப்ரீ ஜாஸ் விளங்கிவிட்டது. இந்த இடத்தில் மகன் கூப்பிடுகிறான், இந்த இடத்தில் நீங்கள் பதில் சொல்கிறீர்கள் என்று சரியாகக் காட்டுவார்.

2022இல் நாட்டில் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, ஆனால் பாஸ்போட் எடுக்க மட்டும் பத்தரமுல்லையில் வரிசை இருந்தது. றேணுகா அதில் இரண்டு நாள் நின்றார். ரொறன்ரோவிலிருந்த அவருடைய அண்ணன் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தார். மகள் ரதிக்கு அப்போது ஒன்பது வயது. இராஜநாயகம் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மனிதன் இரண்டையும் விட்டுவிட்டுப் பதிவுகளைப் பற்றிக் கதைத்தார்.

"நீ போனா றெக்கோர்டில இருக்கமாட்டாய்" என்றார்.

"நான் அதில இருந்து என்ன செய்யிறது? ரதிக்குப் படிக்க லைட் இல்ல. நீங்களும் வாங்கோ."

"நானும் வந்தா நிரோஷன் மட்டும்தான் மிச்சம்."

"அவன் செத்து அஞ்சு வருஷம்" என்றார் றேணுகா.

"அதுதான் சொல்றன்."

விமானம் மேலெழுந்த நிமிடத்தில் றேணுகாவின் குரல் பதினொரு பதிவுகளையும் விட்டுப் போனது. பேஸும் டிரம்ஸும் மிஞ்சின. பாக்கியலெட்சுமி மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை; இப்போது பிள்ளை இன்னும் தெளிவாகக் கேட்கிறான் என்றார். இராஜநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நாலரைக்குக் கதவைத் திறந்து வைக்கத் தவறவில்லை.

தனிமையில் செய்ய வேறு வேலை இல்லாமல் அவர் ஒரு பதிவை இணையத்தில் ஏற்றினார். பெர்லினில் சின்னதாக ஒரு றெக்கோர்ட் கம்பனி நடத்தியவர் அதைக் கேட்டுவிட்டு எழுதினார். அடுத்த வருடம் பதினொன்றில் நான்கைத் தெரிந்தெடுத்து ஓர் இசைத்தட்டு வந்தது: பேஸ் இராஜநாயகம், டிரம்ஸ் நிரோஷன். ஐரோப்பிய விமர்சகர்கள் அதிலிருந்த நீண்ட இடைவெளிகளைப் புகழ்ந்தார்கள். இவ்வளவு காத்திருக்கத் துணிந்த பேஸ் வாசிப்பாளர் இன்று உலகத்தில் இல்லை என்று ஒருவர் எழுதினார். அவர் துணிச்சல் என்று சொன்ன இடமெல்லாம் றேணுகா பாடிய இடமும் அலவி வாசித்த இடமும். நாற்பது வருடம் வாசித்தும் கிடைக்காத பெயர் இராஜநாயகத்துக்கு ஆட்கள் போனதால் கிடைத்தது.

அலவி அப்போது மெல்பேர்ணில் குடியேறியிருந்தார். தட்டை வாங்கிக் கேட்டுவிட்டு, எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அழைத்தார். என்னை வெட்டி எறிந்துவிட்டுப் பெயர் வாங்கியிருக்கிறாய் என்றார். இராஜநாயகம் கொப்பியைப் பார்த்துத் திகதிகளை வாசித்தார். ஒரே மைக்கில் பதிந்ததை எப்படி வெட்டுவது, நீயே தொங்கவிட்ட மைக் அல்லவா என்று கேட்டார்.

"இப்ப அதுக்கெல்லாம் ஸொஃப்ட்வெயர் இரிக்கி மச்சான்" என்றார் அலவி. "பொய் சொல்லாத."

நியாயமான பதில்தான். அப்படி ஒரு ஸொஃப்ட்வெயர் இருப்பது உண்மை. இராஜநாயகத்திடம் ஒழுங்கான கம்பியூட்டரே இல்லை என்பதை யார் நம்பப் போகிறார்கள்? றேணுகா சண்டை பிடிக்கவில்லை. தட்டின் அட்டையில் தன் பெயர் இல்லாததைப் படமெடுத்து அனுப்பினார், கீழே ஒன்றும் எழுதாமல்.

இராஜநாயகம் வெட்கத்தை விட்டுப் பெர்லின்காரருக்கு எழுதி, உண்மையில் நான்கு பேர் என்றார். எப்படி இரண்டு பேரானார்கள் என்பதை எழுதவில்லை. மிஞ்சிய மூவரையும் அழைத்து ஒரு கச்சேரி வைக்கிறேன், அதைப் பதிந்து வெளியிடுகிறேன் என்று பதில் வந்தது. இராஜநாயகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. பழுதெல்லாம் நம்முடைய நாட்டில்தான், வெளியில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்பது நம்மவர்களின் பெரிய நம்பிக்கை. அதை நம்பித்தான் பாதிப் பேர் நாட்டை விட்டே போனார்கள். ஒலி போவதும் இந்தத் தீவின் வியாதி, பெர்லினில் பெர்லின் மெஷினில் பதிந்தால் அசையாமல் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரே ஒரு பதிவாவது முழுதாக இருக்கும். அதில் றேணுகா இருப்பார், அலவியின் கோபமும் தீரும். வீட்டுத் திறப்பைப் பாக்கியலெட்சுமியிடம் கொடுத்து, எந்தப் பொத்தானை அமத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, 2024 ஒக்டோபரில் விமானம் ஏறினார்.

கச்சேரி சனிக்கிழமை. பதினான்கு மைக் வைத்திருந்தார்கள். டிரம்ஸுக்கு ஆள் தருகிறோம் என்றதற்கு மூவரும் வேண்டாம் என்றார்கள். அன்று மூவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். அலவி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் அந்தக் கோபம் முழுக்க சாக்ஸபோனுக்குள் போனது, இராஜநாயகம் இரவல் பேஸில் அதைத் தாங்கிப் பிடித்தார், றேணுகா இரண்டுக்கும் நடுவில் வந்து நின்று பாடினார். அவர் பாடிக் கேட்டு இரண்டு வருடமாகிவிட்டிருந்தது. இராஜநாயகம் அழுதுகொண்டே வாசித்தார், அதில் அவருக்கு வெட்கமும் இருக்கவில்லை. முன்வரிசையில் ரதி, பதினொரு வயதுப் பெண், மற்றவர்கள் முடிந்ததா முடியவில்லையா என்று யோசிக்கும் முன்னரே கைதட்டினாள். முடிந்த பிறகு அலவி வந்து, நல்லா வாசிச்சாய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது றேணுகா கேட்டார்: இங்கிருந்து திரும்பிப் போய்ச் சாமான்களைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வரலாம்தானே, பேப்பர் வேலையை அண்ணன் பார்ப்பார். இராஜநாயகம் ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து போன் வந்தது.

"தம்பி, எங்க இருக்கீங்க?" என்றார் பாக்கியலெட்சுமி. "நாலு நாளா புள்ள கூப்பிட்டுக்கிட்டே கெடக்கான், நீங்க ஒரு பதிலும் சொல்லல. தனியா அடிச்சிட்டு இருக்கான் தம்பி."

போனில் சத்தம் பெரிது. றேணுகாவுக்கும் கேட்டது.

"உயிரோட இருக்கிற பிள்ளை இங்க இருக்கு" என்றார் றேணுகா.

இராஜநாயகம் ரதியைப் பார்த்தார். அவள் பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாள். கிழவி இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறார், கொஞ்சம் பொறு என்றார். றேணுகா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, இன்று வரைக்கும் எடுக்கவில்லை. அன்று பிற்பகல் தாயும் மகளும் ரொறன்ரோவுக்கும், அலவி மெல்பேர்ணுக்கும், மறுநாள் இராஜநாயகம் கொழும்புக்கும் போனார்கள். பழைய தட்டில் பேஸ் கேட்கவில்லை என்று பெர்லின் கம்பனிக்கு ஆறு நாளாக வந்த முறைப்பாடுகள் அவர் கட்டுநாயக்காவில் இறங்கியதும் நின்றன.

புதிய தட்டு மூன்று மாதத்தில் தபாலில் வந்தது. இராஜநாயகம் நாலரைக்கு அதைப் போட்டார். மண்டபத்தின் மெல்லிய இரைச்சல், ஒரு கதிரை கிறீச்சிடுவது, யாரோ இருமுவது. பிறகு நிறையக் கைதட்டல். மறுபடி வெறுமை, மறுபடி கைதட்டல். பெர்லின்காரர்கள் பெர்லினிலேயே இருப்பதால் அவர்களுடைய கைதட்டல் ஒன்றும் குறையாமல் பதிந்திருந்தது. வாசித்த மூவரில் ஒருவர்கூட இல்லை. யாருக்குத் தம்பி தட்டுகிறார்கள் என்று பாக்கியலெட்சுமி கேட்டார். எங்களுக்குத்தான் அம்மா என்றார் அவர். கம்பனிக்காரர் அதையும் வெளியிட்டார். அதற்கும் விமர்சனம் நல்லது. ஜம்பட்டா வீதியில் இப்போது வாரத்துக்கு ஒருநாள் கைதட்டல் கேட்கிறது. பக்கத்து வீட்டு டில்ஷானி முதலில் கிரிக்கெட் என்று நினைத்தார். இப்போது நாலரையாகிவிட்டது என்று தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கிறார்.

போன ஞாயிறு ரதி வீடியோவில் வந்தாள். பாடசாலையில் அப்பாவைப் பற்றிச் சொன்னதாகச் சொன்னாள். தங்களிடம் அந்தப் புதிய தட்டு இல்லை, அம்மா வாங்க விடுவதில்லை என்றாள். பிறகு கேட்டாள்:

"அப்பா, அதில நான் கைதட்டினது கேக்குதா?"

இராஜநாயகம் அதைத் தேடாமல் விட்டிருப்பாரா? ஸ்பீக்கரில் காதை வைத்து, ஒவ்வொரு கைதட்டலின் தொடக்கத்தையும் முப்பது நாற்பது தரம் கேட்டிருக்கிறார். அவளும் பெர்லினை விட்டுப் போனவள்தான்.

"கேக்குது மகள்" என்றார். "எல்லாருக்கும் முதல் உன்ட கைதான் கேக்குது."