நல்ல கையைக் கட்டுவது

பக்கவாதம் வந்து எட்டு வாரம் கழித்து, புஷ்பவல்லியின் வாயிலிருந்து முதன்முதலாகத் தெளிவாக வந்த சொல் "ஜெயராஜ்". மலேசியாவில், கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் பையனின் பெயர் அது. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர் கன்னையாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. காரை எடுக்கும்போதுதான் அது உறுத்தியது. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. 'ஏங்க' என்பதுதான் வீட்டில் அவர் பெயர். இப்போது அதுவும் "ஏ... ஏ..." என்று பாதியில் நின்றுவிடுகிறது. முப்பது வயதுகூட ஆகாத ஒருவன் பெயர் மட்டும் முழுசாக வருகிறது.

கன்னையா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில் அவருக்கு இடமே இல்லாமல் இருந்தது. புஷ்பவல்லி தையல், கோயில், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருந்தாள். அவர் ஹாலில் உட்கார்ந்தால் கூட்டுவதற்குக் காலைத் தூக்கச் சொல்வாள். பிறகு ஒரு காலையில் குளியலறை வாசலில் விழுந்தாள். வலது கையும் பேச்சும் போயின. அன்றிலிருந்து அவர்தான் அவளுக்குப் பல் துலக்கினார், தலை வாரினார், பின்னல் போடக் கற்றுக்கொண்டார். ரசம் வைக்கத் தெரியாத மனிதர் மீன் குழம்பு வைத்து, முள் எடுத்து, ஊட்டினார். அவள் வாய் அவருடைய விரலுக்காகத் திறந்து காத்திருக்கும். அந்த நேரங்களில் மனசு நிறைந்துவிடும். நிறைந்தது தெரிந்ததும் வெட்கமாகவும் இருக்கும்.

அதைத்தான் ஜெயராஜ் நிறுத்தச் சொன்னான்.

"அங்கிள், நீங்க செஞ்சி குடுத்தா ஆன்டியோட மூளை சும்மா படுத்துக்கும்," என்றான். அவன் ஏதோ வெளிநாட்டுக் கோர்ஸுக்குப் போய் வந்தவன். மூளைப் படத்தில் பேனாவை வைத்துக் காட்டினான். "இந்த ரோடு மூடிருச்சி. பக்கத்துல கம்பத்து ஒத்தையடி வழி இருக்கு, புல்லு மண்டிப் போயி. நடக்க நடக்கத்தான் பாதை ஆகும். அதனால தினமும் மூணு மணி நேரம் நல்ல கையக் கட்டிப் போடுங்க. வராத கைதான் எல்லாத்தையும் செய்யணும்."

பிறகு ஒரு அட்டையை எடுத்தான். "நல்லாகணும்னு மட்டும் சொன்னா மூளைக்கு ஒண்ணும் புரியாது ஆன்டி. என்ன செய்யணும், எப்பக்குள்ள செய்யணும், அதச் சொல்லுங்க. மூணு கோல், அதான் குறிக்கோள், போதும்."

முதலாவது கப்பைப் பிடிப்பது. இரண்டாவது சேலைக் கொசுவம் மடிப்பது. மூன்றாவதைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கன்னையா உதவிக்கு வந்தார்: "சமைக்கணும்னு சொல்றாப்பா." அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "பஸ்... கே.எல்... தனியா."

"யார் வீட்டுக்கு ஆன்டி?"

"யாரும்... இல்ல. சும்மா."

தனியாக பஸ்ஸில் கோலாலம்பூர், தீபாவளிக்கு முன் என்று ஜெயராஜ் எழுதிக்கொண்டான். போகிற போக்கில் கேட்டான்: "உங்க கோல் என்ன அங்கிள்?"

"அவ நல்லாகணும்."

"அது ஆன்டியோடது லா," என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அந்த 'சும்மா' கன்னையாவைத் தூங்கவிடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்தான் அவளை எங்கேயும் கூட்டிப்போய், கூட்டி வந்தார். அவளும் ஒருநாளும் வேறு மாதிரிக் கேட்டதில்லை. மனசுக்குள் இப்படி ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் அவர் பக்கத்தில் காரில் உட்கார்ந்து வந்தாள்? தன்னிடம் சொல்லாததை அந்தப் பையனிடம், அதுவும் பேச்சு வராத வாயால், ஏன் சொன்னாள்?

மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு அவளுடைய இடது கையைத் துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தோடு கட்டினார். ஒரு கிண்ணத்தில் இருந்த பச்சைப்பயறை வலது கையால் இன்னொரு கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். விரல்கள் ஈரத்துணி மாதிரி பயறின் மேல் கிடந்தன. அவளுக்கு வியர்த்தது, கண் கலங்கியது. பத்தரைக்கு அவர், "பாவம், போதும்," என்று முடிச்சை அவிழ்த்துவிட்டார். மதியச் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார். அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள். ஜெயராஜ் கொடுத்தனுப்பிய அட்டையில் மூன்று மணி நேரம் என்று அவரே டிக் போட்டார். சில நாளில் அரை மணிதான் கட்டியிருந்தது. சில நாள் கட்டவே இல்லை.

ஆறு வாரம் கழித்து ஜெயராஜ் அவள் பிடியை அளந்து பார்த்தான். பலம் கூடவில்லை. மறுபடியும் அளந்தான். ஒரு நாள் விடாமல் டிக் போட்டிருந்த அட்டையைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான்.

"தினமும் கட்டுறீங்களா அங்கிள்?"

"கட்டுறேன்."

அவன் அவளிடம் திரும்பினான். "ஆன்டி?"

கன்னையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையின் மூலையில் மின்விசிறி திரும்பித் திரும்பி ஓடியது.

"கட்டு... றாரு," என்றாள் புஷ்பவல்லி.

ஜெயராஜின் முகம் வாடிவிட்டது. "அப்போ என் கணக்குதான் தப்பு. வேற எக்சசைஸ் யோசிக்கிறேன்," என்றான் மெதுவாக. அவன் மேல் இத்தனை நாள் பொறாமைப்பட்ட கன்னையாவுக்கு, அவன் தோற்றதைப் பார்க்க நன்றாக இருந்திருக்க வேண்டும். இல்லை. காரில் வரும்போது இரண்டு தடவை கியரைத் தப்பாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "ஏன் அவன்ட்ட சொல்லல?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "நீங்க... ஊட்டுறப்ப... நல்லா இருந்துச்சி. நானும்... வாயத் தொறந்தேன்." பிறகு, "போதும்," என்றாள். இடது கையை நீட்டினாள். "கட்டுங்க. இறுக்கி."

கட்டினார். அன்று மதியம் அவள் சாப்பிட்டு முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பாதிச் சோறு மடியில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த கன்னையா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்படியும் அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அவர் வாயும் திறந்தது. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அடுத்த தடவை போனபோது ஜெயராஜைத் தனியே கூப்பிட்டு, "உன் கணக்கு தப்பில்ல தம்பி, நான்தான் அவுத்து விட்டேன்," என்றார். அவன் புது அட்டை ஒன்றை எடுத்து அவரிடமே கொடுத்தான்.

தீபாவளி வந்து போனது. மறு வருஷம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோணல்மாணலான கொசுவத்தோடு புஷ்பவல்லி கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் கே.எல். பஸ்ஸுக்கு நின்றாள். அவர் பிடிக்க வந்த கையைப் பார்வையாலேயே தள்ளிவைத்துவிட்டு, வலது கையால் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறினாள். அந்தப் பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்ததால், கீழேயிருந்து அவருக்கு அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. அது திரும்பவில்லை. பஸ் வளைந்து வெளியே போனது.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. பழக்கடைச் சீனக் கிழவர் தார்ப்பாயை இழுத்துவிட்டு, உள்ளே வந்து நிற்கச் சொன்னார். எந்த ஊருக்குப் போக நிற்கிறாய் என்று மலாயில் கேட்டார். உங்க கோல் என்ன என்று ஜெயராஜ் கேட்டது கன்னையாவுக்கு ஞாபகம் வந்தது. ஜெஞ்சாரோம் பஸ் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. ஷா ஆலாம் பஸ் வந்தது. அதன் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மழையினூடே அவரைப் பார்த்து, ஏறுகிறீர்களா என்பதுபோலத் தலையை ஆட்டினார்.